நெய்தலும் பின்னலும்: தக்காணக் கம்பளியின் இரு பாதைகள்

தறியில் நெய்வதையும் ஊசியில் பின்னுவதையும் மராத்தி 'விணணே' என்னும் ஒரே வினையால் குறிக்கிறது. தமிழ் அவற்றை நெய்தல், பின்னல் எனப் பிரிக்கிறது. தொழில்நுட்ப நோக்கில் தமிழின் பாகுபாடே பொருத்தமானது. நெய்தலில் பாவும் ஊடும் குறுக்கிட்டுக் கடக்கின்றன. ஊசிப் பின்னலில் நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கப்படுகிறது. புனேயின் வானவடியில் மார்கழிக் குளிருக்கெனப் பின்னப்படும் இருநிறக் கழுத்துச்சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டால், மராத்திச் சொல்லில் இணைந்த இவ்விரு கைவினைகளும் வரலாற்றில் இணையாமற்போனமை புலப்படும்.

வானவடி, மகாதஜி சிந்தே 1794 பிப்ரவரி 12 அன்று மறைந்த இடம். அவரது நினைவு மண்டபமான சிந்தே சத்ரி இன்றும் அங்குள்ளது. அக்காலத் தக்காணத்தின் எளிய மக்களுக்குரிய குளிராடை 'கோங்கடி' என்னும் கம்பளம். தங்கர் இடையர்கள் ஆடு வளர்த்தனர். இடையர் குடிப் பெண்கள் நூற்றனர். கம்பள நெசவுக் குடியினர் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியிட்டுக் குழித்தறியில் நெய்தனர்.

ஊசிப் பின்னல் வேறு வழியாக வந்தது. 1817இல் புனே பிரித்தானியர் வசமானபின் நகரின் கிழக்கே படைமுகாம் எழுந்தது. வானவடி அதனை ஒட்டிய ஊர். காலுறையும் மஃப்ளரும் பின்னும் பழக்கம் ஐரோப்பியக் குடும்பங்கள், மிஷன் பள்ளிகள் வழியாக இந்திய நடுத்தர வர்க்க வீடுகளை அடைந்தது. அதற்கான மென்கம்பளி நூல் ஆலைகளிலிருந்து வந்தது. உள்ளூர் மந்தைகளிலிருந்து அன்று.

இருநிறப் பின்னலில் ஒரு நிற நூல் கண்ணியாகும்போது மற்றது பின்புறம் தளர்வாக ஓடும். இவ்வடுக்கு காற்றைத் தேக்குவதால் கதகதப்பு மிகும். பின்னோடும் இழையை இறுக்கினால் துணி சுருங்கும்; நெடுக ஓடவிட்டால் விரலில் மாட்டும். ஆகவே சில கண்ணிகளுக்கொரு முறை நிறம் மாறும் சிறு கோலங்களே ஏற்றவை. ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் பின்னல், 1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அணிந்தபின் நாகரிக உடையாயிற்று. எனினும் இம்முறை கம்பளிக்கோ குளிர்நாட்டுக்கோ மட்டும் உரியதன்று. எகிப்தில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான இடைக்காலப் பருத்திக் காலுறைகளும் இவ்வாறு பின்னப்பட்டவையே.

தக்காண ஆட்டுக்கம்பளி கருப்பிலும் வெள்ளையிலும் இயல்பாகக் கிடைப்பது; சாயமின்றியே இருநிறக் கோலம் இயலும். அதன் இழை முரடானது, குட்டையானது, கழுத்தை உறுத்துவது என்பது உண்மை. ஆனால் பைக்கோ மேலாடைக்கோ அது தடையன்று. காரணத்தை இழையில் மட்டும் தேடினால் சமூகம் மறைந்துவிடும். கம்பள நெசவு சாதித்தொழிலாகவும் ஊசிப் பின்னல் இல்லத்தரசியின் ஓய்வுநேரப் பணியாகவும் கருதப்பட்டன. முன்னதற்குக் கூலி குறைவு; பின்னதற்குக் கூலியே இல்லை. நூற்ற கைகளும் பின்னிய கைகளும் பெண்களுடையவையே. எனினும் அவை ஒரே நூலைத் தொடவில்லை.

இன்று வீட்டுப் பின்னலுக்கு எளிதில் கிடைப்பது ஆலை அக்ரிலிக் நூல். தக்காணத்திலோ கத்தரித்த கம்பளி வாங்குவாரின்றி வீசப்படுவதுண்டு. ஊசிப் பின்னலை ஐரோப்பிய இறக்குமதி என்று மட்டும் எழுதினால் இப்பிரிவு இயல்பானதாகத் தோன்றும். கம்பளியின் வரலாற்றோடு சேர்த்து எழுதும்போதே அது நேர்ந்த விதம் கேள்விக்குரியதாகிறது.