கடப்பிதழின்றி வந்தோர்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும் பயண ஆவணமும்

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் கப்பலைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். கப்பலேறியவர் கையில் இருந்த தாளைப் பற்றி எழுதியது குறைவு. கிள்ளான் வட்டாரத் தோட்டப்புறத்தில் பிறந்த மாணவர் ஒருவரிடம் பாட்டனாரின் கடப்பிதழைத் தேடிக் கொண்டுவருமாறு பணித்தால், அவர் பெரும்பாலும் வெறுங்கையுடனே திரும்புவார். அது தொலைந்துபோனதால் அன்று. அப்பாட்டனாருக்கு அது தேவைப்படவே இல்லை. வருவதற்குத் தேவைப்படாத அத்தாள், பின்னாளில் இங்குத் தங்குவோரையே சோதிக்கும் தாளாக மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சென்னை மாகாணமும் மலாயாவும் ஒரே பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வந்த தொழிலாளி கங்காணியைப் பின்தொடர்ந்தே வந்தான். கங்காணியிடம் உரிமம் இருக்க வேண்டும். ஆள் ஊர் அதிகாரியின் பார்வைக்குட்பட வேண்டும். பின்னர் நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் மருத்துவச் சோதனை நடைபெறும். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (1972 முதல் இது கிள்ளான் துறைமுகம்) இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாமில் மீண்டும் காத்திருப்பு. இத்தனை பதிவுகளும் அவன் உழைக்கத்தக்க உடல் உடையவனா என்பதை உறுதிப்படுத்தினவேயன்றி, எந்நாட்டுக் குடிமகன் என்பதைக் கூறவில்லை. இந்நுணுக்கம் நம் ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை என்பது எமது கருத்தாகும்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து எழுத்தர்களின் நிலை வேறு. தாளோடு பழகிய தொழில் அவர்களுடையது. நியமனக் கடிதம், ஓய்வூதியப் பதிவு முதலியன வீட்டில் பேணப்பட்டன. பால்மரம் வெட்டியவர் வீட்டில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே சில வேளைகளில் இல்லை.

தாளின்றி வந்ததன் மறுபக்கம் 1941இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். வரும்போது எவரும் உரிமை கேட்கவில்லை; அனுப்பும்போது காட்டுவதற்கு உரிமை எதுவும் இல்லை.

போருக்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. 1947இல் இந்தியா தனிநாடாயிற்று. 1948இல் அவசரகாலத்தை ஒட்டி மலாயாவில் அடையாள அட்டை அறிமுகமாயிற்று. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. திருமணத்திற்கும் கருமாதிக்கும் ஊர் சென்று திரும்பும் வழக்கம் அதுவரை இயல்பாக இருந்தது. இனித் திரும்பி நுழைய இயலுமா என்று எண்ணிப் பார்த்தே புறப்பட வேண்டியதாயிற்று.

1957இல் விடுதலை பெற்ற மலாயா கதவை மூடிவிடவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிப்போருக்கு மலாய்மொழித் தேர்ச்சி வேண்டும் எனும் விதி முதல் ஓராண்டுக்குத் தளர்த்தப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழரோடு ஒப்பிடின் இங்குள்ளோர் நிலை மேம்பட்டதே. எனினும் விண்ணப்பிக்கத் தாள் வேண்டும். தாள் உண்டு என்பதை அறிவிக்க ஆள் வேண்டும். 'என்றேனும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்' என்ற எண்ணமும் பலரைத் தடுத்தது. சிலர் இந்தியக் கடப்பிதழ் பெற்றனர்; பலர் எந்நாட்டுக் கடப்பிதழும் பெறவில்லை. இதனை அறியாமை என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. இரண்டு ஊர்களைக் கொண்டிருந்தவர்களிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு அதற்குமுன் எவரும் கேட்டதில்லை.

அதன் விலை பத்தாண்டுகளுக்குப் பின் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்வதற்கு உரிமம் பெற வேண்டும் என்றது. பல ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்தவரும் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர் குறிப்பிடுகின்றனர். 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்த 'இராஜுலா' கப்பல் அப்போதும் இவ்வழியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறையைக் கடப்பிதழ் கேளாமல் மேல்தளத்தில் ஏற்றி வந்த அதே கப்பல் அது.

1998இல் மின்னணுச் சில்லு பதித்த கடப்பிதழை உலகிலேயே முதன்முதலில் வெளியிட்ட நாடு மலேசியா. நீலநிற அடையாள அட்டை உடைய பேரப்பிள்ளை அதனைப் பெற்று எளிதில் பயணம் மேற்கொள்ளலாம். அதே வீட்டில் சிவப்பு அட்டையுடன் நிரந்தரவாசியாக மட்டும் வாழும், எந்நாட்டுக் கடப்பிதழும் இல்லாத பாட்டி, நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள தம் ஊரை ஒருமுறை காண விரும்பினால், கடப்பிதழுக்கு மாற்றாக அடையாளச் சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பித்து, தாம் பிறந்த நாட்டினுள் நுழைய விசாவும் கேட்க வேண்டும்.