வாசிப்பும் உளநலமும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயுற்ற மனத்திற்கு நூலும் ஒரு மருந்தாகலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், தீப்ஸ் நகரில் அரசனொருவனின் நினைவாலயத்தில் அமைந்திருந்த நூலகம் ஆன்மாவுக்கான மருத்துவமனை எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியிருந்ததாகக் குறிப்பிட்டுள்ளார். நூலகவியல் அறிஞர்கள் இச்செய்தியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவது வழக்கம். எனினும் அழகிய பெயரொன்று ஒரு நடைமுறைக்குச் சான்றாகாது. அந்நூலகத்தில் வாசித்தோர் எவர், அவர்களுள் எவரது துயர் தணிந்தது என்பவற்றை அப்பெயர் உணர்த்துவதில்லை. கைத்தொலைபேசியில் இயங்கும் செயலிகளும் விளையாட்டுக்களும் பொட்காஸ்ட்களும் உளநலத்திற்குத் துணைபுரிவன என இன்று பரவலாகப் பேசப்படும்போதும் இவ்வினாக்களே எழுகின்றன. எது வாசிக்கப்பட்டது, எது கேட்கப்பட்டது என்பதிலும் பார்க்க, அதனைத் தெரிந்து கொடுத்தவர் எவர், கொடுத்தபின் அவர் அருகில் இருந்தாரா என்பதே இவ்வரலாற்றை நோக்குமிடத்து முதன்மை பெறுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சித்தம் பேதலித்தோர் நோயாளராக அன்றி, அடக்கப்பட வேண்டியவர்களாகவே கருதப்பட்டனர். இலண்டனின் பெத்லெம் வைத்தியசாலைக்குள் 1770ஆம் ஆண்டுவரை பொதுமக்கள் வேடிக்கை பார்க்கச் சென்று வந்தனர். 1790இல் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சமயப் பெண்ணொருத்தி யோர்க் நகரின் மனநோயாளர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டுச் சில வாரங்களில் மரணமானாள். அவளைப் பார்க்க வந்த சமயத் தோழருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இம்மரணமே, தேயிலை வணிகரான வில்லியம் டியூக்கைப் புதியதொரு நிலையம் அமைக்கத் தூண்டியது. 1796இல் திறக்கப்பட்ட ‘யோர்க் றிட்றீட்’ என்னும் அவ்வில்லத்தில் சங்கிலிகள் கைவிடப்பட்டன. நோயாளர் தோட்ட வேலை செய்தனர், தைத்தனர், முயல்களையும் கோழிகளையும் பராமரித்தனர், எழுதினர், வாசித்தனர். பொழுதுபோக்கும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதை ஐரோப்பா ஏற்றுக்கொள்வதற்கு இந்நிலையம் பெருங்காரணமாயிற்று.

ஆயினும் எந்நூலைக் கொடுப்பது என்பதில் றிட்றீட்டின் நிர்வாகிகள் மிகுந்த எச்சரிக்கை காட்டினர். வில்லியம் டியூக்கின் பேரரான சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூலில், கற்பனை இலக்கியங்கள் நோயாளருக்குப் பெரும்பாலும் ஆகா எனவும், கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் அவர்களுக்குப் பெரிதும் பயன்படும் எனவும் கருத்துத் தெரிவித்துள்ளார். மனத்தை அடக்கி ஒழுங்குபடுத்துவது எதுவோ அதுவே நல்லது என்பது அன்றைய நோக்கு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1961இல் வெளிவந்த தமது நூலில் இந்நிலையத்தைக் கடுமையாக விமர்சித்தார். உடலைப் பிணித்த சங்கிலி அகற்றப்பட்ட இடத்தில், மனத்தைப் பிணிக்கும் கட்டுப்பாடு வந்தமர்ந்தது என்பதே அவர் வாதத்தின் சாரம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், ஃபூக்கோ ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார் எனலாம்: சங்கிலியிற் கிடந்தவனுக்கும் கையிற் புத்தகத்துடன் இருந்தவனுக்கும் இடையிலான வேறுபாடு, அவ்விருவரையும் பொறுத்தவரை அற்பமானதன்று.

டியூக் விலக்கிவைத்த கவிதையே ஒருவருக்கு மருந்தான கதையும் அந்த நூற்றாண்டிலேயே கிடைக்கின்றது. அரசறிவியல் மாணவர்கள் சுதந்திரம் பற்றிய நூலுக்காக மட்டுமே அறிந்துவைத்திருக்கும் ஜோன் ஸ்டூவர்ட் மில், 1826ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தமது இருபதாவது வயதில், கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்பிக்கப்பட்டு, தந்தை ஜேம்ஸ் மில்லின் கண்டிப்பான பயிற்சியில் வளர்ந்தவர் அவர். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினாலும் தமக்கு மகிழ்ச்சி கிட்டுமா எனத் தம்மையே வினவியபோது, இல்லை என்ற விடை எழுந்ததாக 1873இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். துயரத்தைச் சொல்லிக்கொள்ள அவருக்கு எவருமில்லை. தந்தையிடம் சொல்வதோ எண்ணிப் பார்க்கவும் இயலாதது. மாதங்கள் சில கழிந்தபின், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்டெலின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தின் பொறுப்பைத் தானே ஏற்க உறுதிபூணும் பகுதியை வாசித்தபோது மில் கண்ணீர் விட்டார். தம்முள் உணர்ச்சி இன்னமும் இறந்துபோகவில்லை என அவர் அறிந்துகொண்டது அப்பொழுதே. பைரனின் கவிதைகளை நாடியபோது பயன் கிட்டவில்லை. 1828இல் வேர்ட்ஸ்வேர்த்தை வாசித்தபோதே ஆறுதல் நிலைபெற்றது.

நூல் தனித்து நின்றும் ஒருவரைத் தேற்றக்கூடும் என்பதற்கு மில்லின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆனால் அவர் நூல்களிடையே பிறந்து வளர்ந்தவர். ஒரு நூல் பயன்தராதபோது இன்னொன்றை எடுத்துப் பார்க்கும் வசதியும் ஈராண்டு காத்திருக்கும் வாய்ப்பும் பெற்றிருந்தவர். அத்தகைய வாய்ப்பற்ற பெருந்தொகையினருக்கு நூல் சென்றடைவதற்கு ஒரு பெரும் போர் வேண்டியிருந்தது.

1914 ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டதும், இலண்டனில் ஹெலன் மேரி கஸ்கெல் என்னும் பெண்மணி காயமுற்ற போர்வீரருக்கு நூல்கள் சேகரித்து அனுப்பும் பணியைத் தொடங்கினார். நண்பரொருவர் வழங்கிய மாளிகை, மக்கள் அனுப்பிய நூற்பொதிகளால் விரைவில் நிரம்பியது. பின்னர் செஞ்சிலுவைச் சங்கத்துடன் இணைந்த இப்‘போர் நூலகம்’, வைத்தியசாலைகளுக்கும் வைத்தியசாலைக் கப்பல்களுக்கும் நூல்களை அனுப்பி வந்தது. ஐக்கிய அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியபோது அந்நாட்டு நூலகச் சங்கமும் இதே பணியை மேற்கொண்டது. 1920 வரையான காலத்தில் எழுபது இலட்சத்துக்கும் குறையாத நூல்களை அது விநியோகித்தது. வைத்தியசாலை நூலகர் என்னும் தனித்தொழில் உருவானது இக்காலப்பகுதியிலேயேயாம். இப்பணிக்குரிய பெயரும் இதே காலத்தில் தோன்றியது. ஆனால் அது பிறந்தது கேலியில்! 1916இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ சஞ்சிகையில் சாமுவேல் குரோதர்ஸ் என்னும் மதகுரு எழுதிய நகைச்சுவைக் கட்டுரையில், தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நூல்களை மருந்துகளாக எழுதிக்கொடுக்கும் ஒரு விசித்திர மனிதர் இடம்பெறுகிறார். ‘பிப்ளியோதெரபி’ என்ற சொல் அக்கட்டுரையிலேயே முதன்முதலில் அச்சேறியது. நூல்வழிச் சிகிச்சை எனத் தமிழிற் கூறத்தக்க அச்சொல்லைக் கேலியிலிருந்து மீட்டுத் தொழிலாக்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு கறுப்பினப் பெண்மணி.

முதலாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்காவுக்காகப் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக ஒரு வைத்தியசாலை, இனவொதுக்கல் நிலவிய அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1923இல் திறக்கப்பட்டது. கறுப்பின மருத்துவரும் தாதியரும் அங்கு பணியாற்றுவதை எதிர்த்துக் கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தினர் அவ்வாண்டு யூலை மாதத்தில் ஊர்வலம் வந்தனர். அவ்வெதிர்ப்பு வெற்றி பெறவில்லை. 1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் பணியாற்றிய சேடி பீற்றர்சன் டெலனி அவ்வைத்தியசாலையின் நூலகராகப் பொறுப்பேற்றார். அப்போது அங்கிருந்தவை ஒரு மேசையும் இருநூறு நூல்களுமே.

டெலனி மேற்கொண்ட பணியின் சிறப்பு, நூல்களைப் பெருக்கியதில் மட்டும் அடங்குவதன்று. படுக்கையிலிருந்து எழ இயலாதவரிடம் நூல்வண்டி சென்றது. நூலைக் கையிற் பிடிக்க முடியாதவருக்கு அதன் பக்கங்கள் ஒளிப்படக் கருவியின் துணையால் சுவரிற் காட்டப்பட்டன. பார்வையிழந்தோருக்குப் பிறெயில் கற்பிக்கும் பொருட்டு அவர் தாமே அதனைக் கற்றார். எழுத்தறிவற்றோரும் ஒதுக்கப்படவில்லை. வாசிப்பு வட்டங்களும் முத்திரை சேகரிப்போர் கழகமும் அமைக்கப்பட்டன. அவர் நோயாளரைத் தனித்தனியே அறிந்து, மருத்துவருடன் கலந்தாலோசித்து, அவரவர்க்கு ஏற்ற நூலைத் தெரிந்து கொடுத்தார். அவற்றுள் கறுப்பின எழுத்தாளர் படைப்புக்களும் கறுப்பின மக்களின் வரலாறும் முக்கிய இடம் வகித்தன. தம்மை மனிதராகவே மதிக்காத ஒரு சமூகத்துக்காகப் போரிட்டு மனமுடைந்து கிடந்த ஒருவனுக்கு, தன் இனத்தவன் எழுதிய நூலொன்று கிடைப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகுமா? சாமுவேல் டியூக் நூலைத் தெரிந்தது நோயாளனை அடக்குவதற்காக. டெலனி தெரிந்தது அவனை நிமிர்த்துவதற்காக. 1958இல் மறையும்வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் அப்பணியிலேயே இருந்தார். அவ்வாண்டுகளிலேயே, டஸ்கீகியைச் சூழ்ந்த மேக்கன் மாவட்டத்தில், ஐக்கிய அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரப் பிரிவினர் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வுக்கு உட்படுத்தி, மேகநோய் கண்டவர்களிடம் உண்மையை மறைத்து, சிகிச்சையும் அளிக்காது அவதானித்து வந்தனர் என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். 1932இல் தொடங்கிய அவ்வாய்வு 1972 வரை நீடித்தது. ஒரே மண்ணில், ஒரே மக்கள்மீது, அறிவின் பெயரால் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

இத்துறைக்கான கோட்பாடு பின்னரே வந்தது. மருத்துவர் வில்லியம் மெனிங்கர் 1937இலும், கரோலின் ஷ்ரோட்ஸ் 1949இல் சமர்ப்பித்த ஆய்வேட்டிலும் நூல்வழிச் சிகிச்சையை ஆராய்ந்தனர். வாசகன் பாத்திரத்தோடு ஒன்றுவது, உணர்ச்சி வடிவது, தன்னிலை தெளிவது என ஷ்ரோட்ஸ் காட்டிய படிமுறை, மில்லுக்கு நேர்ந்ததை அப்படியே விளக்குவதாக அமைந்துள்ளது. கேட்டலும் வாசிப்புக்குத் துணையாயிற்று. 1920களின் நடுப்பகுதியில் அதே யோர்க் நகரின் பொது வைத்தியசாலையில் படுக்கையில் இருந்தோர் காதுக்கருவிகள் மூலம் ஆராதனைகளையும் விளையாட்டு வருணனைகளையும் கேட்டனர். பிரித்தானியாவில் 1935 முதல் பார்வையற்றோருக்குப் ‘பேசும் நூல்கள்’ இசைத்தட்டுக்களில் வழங்கப்பட்டன. இன்றைய பொட்காஸ்ட் இவற்றின் வழித்தோன்றலே. ஆனால் வைத்தியசாலை வானொலியைக் கேட்டவருக்குப் பக்கத்துப் படுக்கையில் அதனையே கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் இருந்தார்.

பிற்காலத்தில் அரசுகளும் இம்முறையைத் தழுவின. கார்டிஃப் நகரில் உளவியலாளர் நீல் ஃபுரூட் 2003இல் தொடங்கிய திட்டத்தின்படி, மருத்துவர் ஒரு நூலின் பெயரை மருந்துச் சீட்டைப் போல எழுதிக்கொடுக்க, நோயாளி அதனைப் பொது நூலகத்தில் இரவல் பெற்றார். 2005இல் இது வேல்ஸ் முழுவதற்கும் விரிவடைந்தது. 2013இல் இங்கிலாந்திலும் இத்தகைய திட்டம் தொடங்கியது. குரோதர்ஸின் கேலி, நூறாண்டு நிறைவதற்குள் அரசாங்க நடைமுறையாயிற்று!

விளையாட்டின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணனி நிலையமொன்றில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் ஆக்கிய ‘டெட்ரிஸ்’, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் எளிய ஆட்டம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், துன்பக் காட்சிகள் நிறைந்த படமொன்றைப் பார்த்த நாற்பதுபேரில், அரைமணி கழித்துப் பத்து நிமிடங்கள் இவ்வாட்டத்தை ஆடியோருக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அக்காட்சிகள் வலிந்து மனத்தில் தோன்றுவது குறைந்திருந்தது. உருவங்களை அடுக்குவதில் ஈடுபட்ட மனத்தில், பார்த்த காட்சி ஆழப்பதிய இடமின்றிப் போகின்றது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். எந்த ஆட்டமும் இப்பயனைத் தந்துவிடாது. அடுத்த ஆண்டில் அவர்கள் நடத்திய ஆய்வில், சொற்களால் விடையிறுக்கும் வினாவிடைப் போட்டியில் ஈடுபட்டோருக்கு அக்காட்சிகள் முன்னிலும் அதிகமாகத் தோன்றின. 2017இல் வெளிவந்த ஆய்வு, ஒக்ஸ்போர்ட் வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில், வீதி விபத்துக்குள்ளாகி ஆறு மணித்தியாலத்திற்குள் வந்த 71 பேரிடம் நடத்தப்பட்டது. விளையாடியோருக்கு முதல் வாரத்தில் அத்தகைய நினைவுகள் 62 சதவீதம் குறைவாக இருந்தன. அங்கும் அவர்கள் தனியே ஆடவில்லை. ஆய்வாளர் ஒருவர் உடனிருந்து, விபத்தின் கொடிய கணத்தை முதலில் நினைவுகூரச் செய்து, அதன்பின்னரே விளையாட்டுக் கருவியைக் கையிற் கொடுத்தார். செய்தித்தாள்கள் விளையாட்டை எழுதின. உடனிருந்தவரை எழுத மறந்தன.

உடனிருப்பவரை நீக்கிவிட்டு, அவரது இடத்தில் இயந்திரத்தை வைக்கலாம் என்ற எண்ணம் செயலிகளுக்கு முந்தியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசஃப் வைசன்பவும் 1966இல் வெளியிட்ட ‘எலைசா’ என்னும் கணனி நிரல், நோயாளியின் சொற்களையே மாற்றியமைத்து வினாவாகத் திருப்பிக் கேட்டது. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அருகிலிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் உரையாடத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டாராம். உளவைத்தியர் சிலர் இதனை இயந்திர வைத்தியத்தின் தொடக்கமாக வரவேற்றமை வைசன்பவுமைத் திகைக்கவைத்தது. அத்திகைப்பின் பயனாக 1976இல் கணனியின் எல்லைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2020இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், கவனக்குறைபாடுள்ள 8 முதல் 12 வயது வரையான சிறுவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கத்தக்க கணனி விளையாட்டொன்றை முதன்முறையாக அனுமதித்தது. ஆயினும் சந்தையிற் குவிந்துள்ள செயலிகளுட் பெரும்பாலானவை இத்தகைய பரிசோதனைக்கு உட்படாதவை.

செயலியின் எதிரில் அமர்ந்திருப்பவர் தம் துயரை எவரிடம் சொல்கிறார் என்பதும் இவ்விடத்தில் எழும் வினாவாகும். வாசகர் எந்நூலை நாடினார் என்பது போன்ற தனிப்பட்ட செய்திகளை நூலகர் இரகசியமாகப் பேண வேண்டும் என அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே தனது ஒழுக்க விதியில் எழுதிவைத்தது. டெலனி டஸ்கீகியில் பணியாற்றிய காலம் அது. 2023இல், இணையவழி உளவளத்துணை வழங்கும் ‘பெற்றர்ஹெல்ப்’ நிறுவனம், தன்னை நாடி வந்தோர் உளநலம் பற்றித் தெரிவித்த விபரங்களை விளம்பரத் தேவைக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் முதலிய நிறுவனங்களுடன் பகிர்ந்துகொண்டதாக ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 78 இலட்சம் டொலரைச் செலுத்துமாறு அந்நிறுவனத்துக்கு விதிக்கப்பட்டது.