ஆக்சைடுப் படலமும் மின்னோட்டத் திசையும்: அலுமினிய டிக் வெல்டிங்கில் இளக்கி விலகியதும் திரும்பியதும்

அலுமினியத்தை டிக் வெல்டிங் செய்ய மாறுதிசை மின்னோட்டமே (ஏசி) வேண்டும் என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. நேர்திசை மின்னோட்டம் (டிசி) மட்டுமே தரும் மலிவான இன்வெர்ட்டர் இயந்திரத்தை வைத்திருப்பவர்களில் சிலர், இளக்கித் தூளைக் (ஃப்ளக்ஸ்) குழைத்துத் தடவி வேலையை முடித்துவிடுகிறார்கள். இதைப் பட்டறைக் குறுக்குவழி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் காலவரிசையில் இளக்கிதான் மூத்தது; ஏசி பின்னால் வந்த ஒரு சமரசம். அந்தச் சமரசம் எப்படி விதியாக உறைந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

சிக்கலின் வேர் ஆக்சைடுப் படலம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராய் ஓடினாலும் மேலே தோல் கிழியாது. இரு விளிம்புகளும் உருகி அருகருகே நிற்கும், ஒன்றாகாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாயு வெல்டிங்கில் இதற்குக் கிடைத்த மருந்து, லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் குளோரைடுகளோடு சிறிது ஃபுளோரைடு சேர்த்த தூள். அது ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது என்றே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் உருகிய குளோரைடில் அலுமினா மிகச் சொற்பமாகவே கரையும். படலத்தின் விரிசல்கள் வழியே உருகிய உப்பு உள்ளே இறங்கி, உலோகத்திலிருந்து அதை உரித்துத் தூக்குகிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

மருந்துக்கு விலை இருந்தது. குளோரைடு எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும். எனவே வெந்நீரில் தேய்த்துக் கழுவி, தேவைப்பட்டால் நைட்ரிக் அமிலக் குளியலும் கொடுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று படிந்த இணைப்புகளில் எச்சம் இடுக்கில் தங்கிவிடும்; அதை எப்படிக் கழுவுவது? விமானத் தொழிலை உறுத்திய கேள்வி இது.

அமெரிக்காவில் ஹோபார்ட்டும் டெவர்ஸும் மின்வில்லை மந்த வாயுவால் போர்த்தும் முறைகளுக்கு 1930இல் காப்புரிமை பெற்றிருந்தனர். அது பட்டறைக்குள் நுழைந்தது போர்க்காலத்தில்தான். மக்னீசியம் விமானம் கட்ட முயன்ற நார்த்ராப் நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் மின்முனையையும் ஹீலியத்தையும் சேர்த்து ஒரு டார்ச்சை உருவாக்கினார். 1942இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ‘ஹெலியார்க்’ என்று பெயர் பெற்ற, இன்று டிக் எனப்படும் இம்முறையின் பெரிய கவர்ச்சி, இளக்கி தேவையில்லை, கழுவவும் தேவையில்லை என்பது.

இளக்கியின் வேலையை இப்போது மின்னோட்டமே செய்தது. டங்ஸ்டன் நேர்முனையாகவும் வேலைத்துண்டு எதிர்முனையாகவும் இருந்தால், ஆக்சைடின்மேல் அலையும் எதிர்முனைப் புள்ளிகள் படலத்தை உடைத்து அகற்றுகின்றன. ஆனால் அப்போது வெப்பத்தின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்குப் போகிறது. சுமார் 125 ஆம்பியருக்கே 6 மி.மீ. தடிமனுள்ள டங்ஸ்டன் வேண்டும், ஊடுருவலோ ஆழமில்லை. திசையை மாற்றினால் டங்ஸ்டன் பிழைக்கும், ஊடுருவல் ஆழமாகும், துப்புரவு நின்றுவிடும். ஓர் அரைச்சுற்றில் துப்புரவு, மறு அரைச்சுற்றில் வெப்பம் என்று பங்கு போட்டதே ஏசி. வில் அணைந்துவிடாமலிருக்க உயர் அதிர்வெண் மின்னழுத்தம் சேர்க்க வேண்டியிருந்தது. 1970களில் வந்த சதுர அலை இயந்திரங்கள் அந்தப் பங்கீட்டை மேலும் செம்மையாக்கின.

டிசியில் இளக்கியே இல்லாமலும் அலுமினியம் இணைக்கப்பட்டிருக்கிறது. டங்ஸ்டனை எதிர்முனையாக வைத்து, தூய ஹீலியத்தில், வில்லை மிகக் குறுகலாகப் பிடித்து இயந்திரத்தால் ஓட்டுவது அம்முறை. விளிம்புகளை வெல்டிங்குக்குச் சற்று முன் சுரண்டி எடுப்பதுதான் அங்கே இளக்கிக்கு ஈடு. பின்னர் விண்வெளி ஓடத்தின் வெளிப்புற எரிபொருள் கலத்துக்கு, முனைகளை மாற்றித் துப்புரவு செய்யும் பிளாஸ்மா வில்லை நாசா கொண்டுவந்தது. ஆக, ஏசியா டிசியா என்பது இரண்டாம் கேள்வி. ஆக்சைடை யார் அகற்றுவது என்பதே முதல் கேள்வி.

1960களில் கீவ் நகரின் பாட்டன் நிறுவனத்தில் டைட்டானியத்துக்காகத் தொடங்கிய ‘ஏ-டிக்’ முறையை, ஆக்சைடை அகற்ற இளக்கி தடவும் இந்த வழக்கத்தோடு குழப்பக்கூடாது. அங்கே இளக்கியின் முதன்மை நோக்கம் ஊடுருவலைக் கூட்டுவது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் துருப்பிடிக்கா எஃகுக்கு உருவாக்கிய இளக்கிகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே.

இன்றைய டிசி இயந்திரக்காரர் கையில் எடுப்பது வாயு வெல்டிங் காலத்துத் தூளைத்தான். ஆனால் சூழல் மாறிவிட்டது. வாயுச் சுடரில் உலோகத்துக்குச் சற்று முன்பாக அமைதியாய் உருகும் உப்பு, மின்வில்லில் கொதித்துச் சிதறி டங்ஸ்டனை அழுக்காக்குகிறது. புகையில் ஃபுளோரைடு இருப்பதால் காற்றோட்டம் கட்டாயம். கழுவும் வேலையும் திரும்பிவிட்டது. ரேடியேட்டர் தொழிலில் புழங்கும் பொட்டாசியம் ஃபுளோரோஅலுமினேட் அரிக்காத எச்சத்தையே விடும். ஆனால் அது சுமார் 600 டிகிரி உலையில் நடக்கும் பிரேசிங்குக்காக அமைந்தது. வில்லின் சூட்டில் ஆவியாகிவிடும். மக்னீசியம் மிகுந்த கலப்புலோகங்களில் அந்த மக்னீசியமே இளக்கியோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்க வைக்கும். தூய அலுமினியத் தகட்டில், முட்டு இணைப்பில், இருபுறமும் கழுவ வழியிருந்தால் பழைய குளோரைடுத் தூள் போதும். படகுக் கட்டுமானத்தின் 5083 போன்றவற்றுக்கு ஏசி இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே மேல்.