வெள்ளை ஒயரைக் கழட்டலாமா?

போன மாசம் என்னோட பழைய கியர் சைக்கிள்ல மோட்டார் மாட்டினேன். வேளச்சேரியில வீடு, பெருங்குடியில ஆபீஸ், போக வர 14 கிலோமீட்டர். மிதிச்சுப் போனா சட்டை நனைஞ்சு, முதல் மீட்டிங்ல யார் பக்கத்துலயும் உட்கார முடியாது. அதுதான் காரணம், சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம்தான். பின் சக்கரத்தோட ஹப்புக்குள்ளயே மோட்டார், ஃபிரேம்ல பேட்டரி, ஹேண்டில்பார்ல ஒரு சின்னத் திரை. மூணு மணி நேர வேலை. எல்லாம் முடிஞ்சதும் மெக்கானிக் அண்ணன், கன்ட்ரோலர்ல இருந்து நீட்டிக்கிட்டு இருந்த ஒரு வெள்ளை ஒயரைக் காட்டினார். “தம்பி, இதைக் கழட்டி விட்டா 25-ஐத் தாண்டிப் போகும். கழட்டட்டுமா?”

இன்னைக்கு எபிசோட் அந்த ஒயரைப் பத்தினதுதான். அதுக்குள்ள ஒரு பெரிய கதை இருக்கு.

முதல்ல ஒரு விஷயம். பின் சக்கர ஹப்புக்குள்ள மோட்டாரை வைக்கிற யோசனை புதுசே கிடையாது. 1895 டிசம்பர் 31 அன்னைக்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் ஜூனியர் என்பவருக்கு இதுக்கான காப்புரிமை கிடைச்சுது. அந்தப் படத்தைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். சக்கரத்து நடுவுல மோட்டார், ஃபிரேமோட மேல் குழாய்க்குக் கீழே பேட்டரிப் பெட்டி. என் சைக்கிளை ஒரு குழந்தை வரைஞ்சா அப்படித்தான் இருக்கும். அவர் சொன்ன பேட்டரி 10 வோல்ட், மோட்டார் 100 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம். பெருக்கிப் பாருங்க, 1000 வாட். இன்னைக்கு நம்ம ஊர் சட்டப்படி அது சைக்கிளே கிடையாது! அதுக்கு அப்புறம் வர்றேன்.

அப்போ 1895-ல இருந்த ஒரு பொருள் தெருவுக்கு வர ஏன் நூறு வருஷம் ஆச்சு? யாரைக் கேட்டாலும் “லித்தியம் பேட்டரி இல்லையே, அதான்”னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுல பாதி உண்மை இருக்கு. ஈய-அமில பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே அந்த ஜாதி, 1859-ல வந்தது. ஒரு கிலோவுக்கு 35 வாட்-மணி நேரம் பக்கத்துலதான் தாங்கும். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, மொத்தம் 360 வாட்-மணி. எடை மூணு கிலோவுக்குள்ள. அதையே ஈயத்துல செஞ்சா பத்து கிலோவைத் தாண்டிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம்? மோட்டார் சைக்கிள் ஜெயிச்சதுல அதிசயம் இல்லை.

ஆனா மீதிப் பாதி சீனாவுல இருக்கு. அங்கதான் என் கணக்கு தப்பாப் போச்சு.

1990-கள்ல சீனாவுல பல நகரங்கள், புகை, சத்தம், நெரிசல்னு சொல்லி, மோட்டார் சைக்கிளுக்குப் புது லைசென்ஸ் கொடுக்கிறதைக் குறைச்சாங்க, சில இடங்கள்ல நிறுத்தியே விட்டாங்க. அதே நேரம் நகரம் விரிஞ்சுக்கிட்டே போகுது, வேலைக்குப் போற தூரம் கூடுது, மிதிச்சு முடியல. 1999-ல அரசாங்கம் ஒரு தேசியத் தரம் கொண்டு வந்தது: வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள்ள, மோட்டார் 240 வாட்டுக்குள்ள, எடை 40 கிலோவுக்குள்ள, மிதிக்கிற மாதிரி பெடல் இருக்கணும். இவ்வளவும் இருந்தா அது சைக்கிள் கணக்கு. 2003-ல சார்ஸ் வந்தது. ஜனங்க பஸ்ல ஏறப் பயந்தாங்க. 2004 சாலைப் பாதுகாப்புச் சட்டம் இந்த வண்டிகளை ‘மோட்டார் அல்லாத வாகனம்’ என்ற பிரிவுல வெச்சுது. 1998-ல வருஷத்துக்குச் சில பத்தாயிரம்னு இருந்த விற்பனை, 2005-ல ஒரு கோடிக்குப் பக்கத்துல வந்துடுச்சு.

அந்த வண்டிகள்ல பெரும்பாலும் என்ன பேட்டரி தெரியுமா? அதே ஈய-அமிலம்தான். சீல் பண்ணின, மேம்பட்ட வகை, சரி. நல்ல காந்தமும், மலிவான கன்ட்ரோலரும் வந்திருந்தது, அதுவும் சரி. ஆனா லித்தியம் இல்லை. கோடிக்கணக்கான பேர் 1859-ஓட பேரப்பிள்ளையை சீட்டுக்கடியில வெச்சுக்கிட்டுத்தான் வேலைக்குப் போனாங்க. கதவைத் திறந்தது பேட்டரி மட்டும் இல்லை, ‘இது சைக்கிள்’னு ஒரு சட்டம் சொன்னதும்தான். சைக்கிள்னா லைசென்ஸ் வேண்டாம். முக்கியமா, சைக்கிளுக்குன்னு தனியா இருந்த அகலமான பாதையில போகலாம்.

கம்பெனிகள் சும்மா இருப்பாங்களா? பார்த்தா ஸ்கூட்டர், ஆனா பேருக்கு ரெண்டு பெடல். வாங்கினவங்க அந்தப் பெடலைக் கழட்டிப் போட்டாங்க. வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒயரையும் கழட்டினாங்க. (நம்ம வீட்டுல பழைய டிவிஎஸ் 50 ஓட்டினவங்க இருந்தா கேளுங்க, அந்தப் பெடலைக் கடைசியா எப்போ மிதிச்சீங்கன்னு.) பெய்ஜிங் நகரம் 2002-ல இந்த வண்டிகளைத் தடை பண்ண முடிவு பண்ணி, 2006 ஜனவரியில அதைக் கைவிட்டது. அதே 2006-ல குவாங்சோ நகரம் தடை போட்டது. ஒரே நாடு, ஒரே வண்டி, ரெண்டு பதில். 2018-ல தேசியத் தரத்தை மாத்தி எழுதினாங்க: 25 கிலோமீட்டர், 400 வாட், 55 கிலோ. பெடல் மட்டும் அப்பவும் போகல.

இப்போ நம்ம ஊர். மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, பெடல் சைக்கிள்ல மாட்டுற மோட்டாரோட திறன் 250 வாட்டுக்குக் குறைவா இருக்கணும். 25 கிலோமீட்டர் வேகம் வந்தா, இல்லைன்னா மிதிக்கிறதை நிறுத்தினா, மோட்டார் நிக்கணும். அப்படி இருந்தா அது மோட்டார் வாகனம் இல்லை. பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். தாண்டினா எல்லாமே வேணும். வெள்ளை ஒயரைக் கழட்டின அந்த நொடியில நான் பதிவு இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டிக்காரன். யார் மேலயாவது இடிச்சா நஷ்ட ஈடு என் சட்டைப் பையில இருந்துதான்.

அதனால கழட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அண்ணன் சிரிச்சார். “அப்புறம் பஸ் பின்னாடி ஹாரன் அடிப்பான் தம்பி, பார்த்துக்குங்க.”

அடிக்கிறான். தினமும். சீனாக்காரன் 20-ல போனப்போ அவனுக்குத் தனிப் பாதை இருந்தது. என்கிட்ட இருக்கிறது ஓரத்துல ஒரு மண் பட்டை, அதுலயும் ஒரு இளநீர் வண்டி. விதி என்னை சைக்கிள்னு சொல்லுது, ரோட்டுல சைக்கிளுக்கு இடம் இல்லை. ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு லாரி முழங்கைக்கு ஒரு சாண் பக்கத்துல போச்சு. அன்னைக்கு ராத்திரி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு சைக்கிள்கிட்ட போய் உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்றேன். 35-ல போனா வண்டிகளோட சேர்ந்து போகலாமே, அது பாதுகாப்புதானேன்னு தோணுச்சு. அப்புறம் என் பிரேக்கைப் பார்த்தேன். அது பழைய சைக்கிளோட ரப்பர் பிரேக்.

இப்போதைக்குப் பிரேக்கை மாத்தக் கொடுத்திருக்கேன். ஒயர் அப்படியே இருக்கு. கிட் மாட்டின உங்கள்ல எத்தனை பேர் அதைக் கழட்டி ஓட்டுறீங்க, ஏன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.