சிறிய சத்தம்

துப்பாக்கியில் போடும் கரும்பொடிக்குத் தமிழில் 'மருந்து' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பெரிய அநுபவசாலியாக இருந்திருக்க வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கும் குழலில் கெட்டிக்கும் மருந்துக்கும் குணம் ஒன்றுதான். அளவு குறைந்தால் பலன் இல்லை. அளவு கூடினால் ஆளே இல்லை!

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இருபுறமும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும்தான் கண்ணில் படும். சற்றுத் தலையைத் தூக்கிப் பார்த்தால் மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. 1895-ம் வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்த பிறகு, பள்ளத்தாக்கில் பயிர் பெருகியது. பயிர் இருக்கும் இடத்துக்குப் பன்றி வராமல் இருக்குமா? மலையடிவாரத்துக் குடியானவனுக்குப் பரணும் தீப்பந்தமும் தகர டப்பாவும் போதவில்லை. நாட்டுத் துப்பாக்கியும் வேண்டியிருந்தது.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்ததிலிருந்து துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தவனுக்கும் சீமைத் தோட்டா வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே மருந்தை அளப்பது, ரவையை எண்ணுவது, சக்கை வைத்து இடிப்பது எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தன. மலைமேல் எஸ்டேட் துரைமார்களிலும் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொண்டவர்கள் உண்டு. பித்தளைத் தோட்டாவாக இருந்தால் சுட்ட பிறகும் கூட்டை வைத்திருந்து மறுபடி நிரப்பலாம். வாணலியைக் கழுவி மறுபடி அடுப்பில் ஏற்றுகிற மாதிரிதான்.

ஆனால் சமையல் கெட்டால் சாப்பாடு கெடும். இந்த வேலை கெட்டால் கை போகும், கண் போகும்.

முதல் எதிரி ஈரம். கருமருந்துக்கு ஈரம் அறவே ஆகாது. அதிலும் சக்கிமுக்கிக் கல்லை வைத்துச் சுட்ட காலத்தில், மழையில் துப்பாக்கியும் ஒன்றுதான், ஊன்றுகோலும் ஒன்றுதான். 1807-ம் வருஷம் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடி பட்டாலே தீப்பற்றும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை வாங்கினார். அதிலிருந்துதான் 'கேப்பு' பிறந்தது. 1834-ம் வருஷம் இங்கிலாந்தில் வுல்விச் என்னும் இடத்தில் இரண்டு முறைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையிலும் 6,000 வெடிகள். கல் வைத்த துப்பாக்கி 922 தடவை ஏமாற்றியது. கேப்பு வைத்தது 36 தடவைதான்.

36 என்பது சிறிய எண்தான். எதிரே பன்றி பாய்ந்து வரும்போது அந்த முப்பத்தாறில் ஒன்று நம்முடையதாக இருந்தால் அது சிறிய எண் அல்ல.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு தொல்லை. அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஐயாயிரம் அடி ஏறினால் மேகமலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். காகிதக் கூட்டுத் தோட்டா இந்த ஈரத்தில் உப்பிவிடும். உப்பிய தோட்டா குழலுக்குள் நுழையாது. பித்தளைக்கு அந்தக் குறை இல்லை என்பதால்தான் மழைக்காட்டுக்காரர்கள் பித்தளையை விரும்பினார்கள்.

இரண்டாவது எதிரி, முன்னேற்றம்! 1884-ம் வருஷம் பால் வியே என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைச் செய்தார். அடுத்த சில வருஷங்களில் ஆங்கிலேயர் 'கார்டைட்' செய்தார்கள். நம் நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலை 1903-ம் வருஷம் ஏற்பட்டது அதற்காகத்தான். புது மருந்து பழைய மருந்தைவிடப் பல மடங்கு வேகம் உள்ளது. ஆனால் வீட்டில் இருந்த அளவுக் கிண்ணமோ பழைய கிண்ணம். கருமருந்தை அளந்த அதே கிண்ணத்தால் புது மருந்தை அளந்து போட்டால், குறி வைத்தவனுக்கே குறி! பழைய குழல் வாழைப்பூ மடல்போல் விரிந்துவிடும். வெயில் தேசங்களில் கார்டைட்டின் அழுத்தம் ஏறிச் சுட்ட தோட்டா குழலில் சிக்கிக்கொள்வதைப் பார்த்து, சீமைக் கம்பெனிக்காரர்களே உஷ்ணப் பிரதேசங்களுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். தராசும் நிபுணர்களும் வைத்திருந்தவர்கள் பாடே இப்படி என்றால், திண்ணைக் கிண்ணத்தை என்ன சொல்வது?

மூன்றாவது எதிரி, மறதி. இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது.

கூடலூரில் ஒரு பெரியவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இளம் வயதில் தகப்பனாருடன் பரண் காவல் இருந்தவர். "ஐயா, துப்பாக்கி எப்போது பயமாக இருக்கும்?" என்று கேட்டேன்.

"சத்தம் பெருசா வந்தா பயமில்லே, தம்பி. சிறுசா வந்தாத்தான் பயம்" என்றார்.

துப்பாக்கி சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. விசையை இழுத்தும் சத்தமே வரவில்லையென்றால், உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம். சில விநாடி கழித்து வெடிக்கலாம். அவசரப்பட்டுத் திறந்து பார்ப்பவன் முகத்தில்தான் அது வெடிக்கும். ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பியபடியே காத்திருக்க வேண்டும். 'புஸ்' என்று சிறிய சத்தம் வந்தாலோ, குண்டோ சக்கையோ குழலின் நடுவிலேயே தங்கியிருக்கலாம். அதைப் பாராமல் அடுத்த வெடி வைத்தால் குழல் கிழியும். மருந்து குறைந்ததால் வரும் சாவு இது!

வெடிக்காத துப்பாக்கியை வெடித்ததாக எண்ணி மேலும் மேலும் கெட்டிப்பதும் உண்டு. 1863-ம் வருஷம் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும், களத்தில் கிடந்த 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். சுமார் 24,000 துப்பாக்கிகளில் மருந்து இருந்தது. அவற்றில் பாதியில் இரண்டு தடவை கெட்டித்த மருந்து. ஒன்றில் 23 தடவை! பயிற்சி பெற்ற சிப்பாயே பதற்றத்தில் இப்படிச் செய்தான் என்றால், நடுநிசியில் தூக்கக் கலக்கத்தோடு பரணில் உட்கார்ந்திருந்த குடியானவனைக் குறை சொல்லலாமா? வெடித்ததும் வெடிக்காததும் அவனுக்குத் தெரியாமல் போனது எத்தனை இரவுகளோ!

அந்தக் காலம் போய்விட்டது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் வந்தன. 2021-ல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. அனுமதியில்லாமல் வீட்டில் மருந்து இடித்தாலும் தோட்டா செய்தாலும் இன்று சிறைதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, பன்றிகளும் வருத்தப்படா.

ஆனாலும் பழைய வீடுகளில் பரம்பரைச் சொத்தாகச் சில துப்பாக்கிகள் சுவரில் தொங்குகின்றன. குழந்தைகள் அவற்றை எடுத்து விளையாட்டுக்குக் குறி பார்க்கிறார்கள். "தாத்தா காலத்துத் துப்பாக்கி, அதில் என்ன இருக்கப்போகிறது?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். கருமருந்து காய்ந்திருந்தால் அதற்கு வயதாவதில்லை. கெட்டித்த தாத்தா போய் ஐம்பது வருஷம் ஆனாலும் அது உள்ளே விழித்துக்கொண்டிருக்கும்.

கூடலூர்ப் பெரியவர் வீட்டிலும் அப்படி ஒன்றை ஒரு காலத்தில் வைத்திருந்தார்களாம். அவருடைய தகப்பனார் தினமும் மாலையில் கெட்டிக்கோலைக் குழலுக்குள் விடுவார். வாய் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்துக்கொள்வார். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். கோல் அடிவரைக்கும் எட்டியிருந்தால் குழல் காலி. நாலு விரற்கடை குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம்தான் அவர் திண்ணையில் காலை நீட்டுவாராம்.