முன்னே ஓடியவர்கள்

பரிசளிப்பு விழா மேடையில் கிண்ணம் வாங்குபவர் ஒருவர்தான். கைதட்டலும் அவருக்குத்தான். ஆனால் நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் கிண்ணத்தில் இன்னொருவரின் மூச்சும் கலந்திருப்பது தெரியவரும். முன்னே ஓடி வேகம் அமைத்துக் கொடுப்பவரின் மூச்சு அது. 'முன்னேர் போன வழியே பின்னேர்' என்று பெரியவர்கள் சொன்னது வயலுக்கு மட்டுமல்ல, ஓட்டத் திடலுக்கும் பொருந்தும்.

முன்னே ஒருவர் ஓடினால் பின்னே வருபவருக்கு என்ன லாபம்? செம்பனைக் காட்டுச் சாலையில் ஓடிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சட்டென விளங்காது. அங்கே காற்று அடங்கிக் கிடக்கும். தஞ்சோங் காராங் வயல்வெளியில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது ஓடிப் பாருங்கள், புரியும். காற்றே இல்லாத நாளிலும் நாம் ஓடும் வேகமே ஓர் எதிர்காற்றை உண்டாக்கிவிடுகிறது. 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, 1971இல் இதை அளந்து வெளியிட்டார். நடுத்தூர ஓட்ட வேகத்தில், செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 7.5 விழுக்காடு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடுபவருக்கோ பிராணவாயுத் தேவை 6.5 விழுக்காடு குறைகிறது. வேகத்தைக் கணக்குப் பார்க்கும் மனச்சுமையும் அவருக்கு இல்லை.

இந்த உதவி நியாயமானதா என்ற வழக்கு பழையது. ஒரு மைல் ஓட்டத்தில் சுவீடனின் குண்டர் ஹேக் 1945இல் நிறுவிய 4 நிமிடம் 1.4 விநாடி சாதனை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1953 ஜூனில் இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் 4 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தில் அவருடைய நண்பர் கிறிஸ் பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பின்தங்கினார். பானிஸ்டர் ஒரு சுற்று முந்தி வந்ததும், களைப்பில்லாத கால்களோடு அவருக்கு வழிகாட்டி ஓடினார். இது நேர்மையான பந்தயம் ஆகாது என்று சொல்லி, அதைப் பிரிட்டிஷ் சாதனையாக ஏற்க அந்நாட்டு ஓட்டப்பந்தயக் கழகம் மறுத்துவிட்டது.

நண்பர்கள் சோர்ந்துவிடவில்லை. 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு. பகலெல்லாம் பலத்த காற்று. ஓடலாமா வேண்டாமா என்று பானிஸ்டர் தயங்கினார். மாலையில் காற்று தணிந்தது. இம்முறை பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முறைப்படி அவரோடு சேர்ந்தே புறப்பட்டார்கள். "இன்னும் வேகம்!" என்று பானிஸ்டர் பின்னாலிருந்து கத்தியும் பிராஷர் பதறவில்லை, தன் கணக்குப்படியே ஓடினார். அவர் ஓய்ந்தபோது சாட்டவே முன்னே போனார். கடைசிச் சுற்றின் பாதியில் அவரையும் தாண்டிப் பாய்ந்த பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் எல்லையைத் தொட்டார். பெயர் அவருக்கு, காற்றோ மூவருக்கும் பங்கு.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று தேடலாம். மலேசிய வீரர் மு. இராமச்சந்திரன் 1994இல் இரண்டு தேசியச் சாதனைகளைப் படைத்தார். 5,000 மீட்டர் ஓட்டத்தில் 14 நிமிடம் 6.84 விநாடி, அது ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில். 10,000 மீட்டர் ஓட்டத்தில் 29 நிமிடம் 30.19 விநாடி, அது கனடாவின் விக்டோரியா காமன்வெல்த் போட்டியில். இரண்டுமே பிறந்த மண்ணில் அல்ல, உலகத்து வேகக்காரர்கள் முன்னே ஓடிய பந்தயங்களில்! உழைப்பு அவருடையதே. ஆனாலும் இது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தனியாக முன்னே ஓடுகிறவனுக்குத் துரத்த ஆள் கிடையாது.

2019 அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் கென்யாவின் எலியூட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். அவருக்கு முன்னே ஐவர், பின்னே இருவர் என முறை வைத்து மாறி மாறி ஓட அமைந்த குழுவில் மொத்தம் 41 பேர். வேகம் அமைப்பவர்கள் இடையிடையே புதிதாக வந்து சேர்ந்தது முதலிய காரணங்களால் அது உலகச் சாதனையாகப் பதிவாகவில்லை. பிராஷர் காலத்து வழக்கு இன்னும் தீரவில்லை, பாருங்கள்!

மாணவச் செல்வங்களே, இதையெல்லாம் படித்தபோது என் தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் என் மாணவி ஒருத்தி தொடக்கம் முதலே முன்னணியில் ஓடினாள். கடைசி நூறு மீட்டரில் மூன்று பேர் அவளைத் தாண்டிவிட்டார்கள். "ஏம்மா அவசரப்பட்டு முன்னால ஓடினே?" என்று கடிந்துகொண்டேன். "யாருமே முன்னால போகல சார், அதான் நான் போனேன்," என்றாள் அவள்.

அந்த மூவரும் வழி நெடுக அவள் முதுகுக்குப் பின்னால்தான் ஓடி வந்தார்கள். முறை மாற்றி ஓட அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதது என் குறை. நான்காம் இடத்துக்கு அன்று பரிசு இல்லை. இன்றைய மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகள், தங்களுக்கு முன்னே ஓடிக் காற்றை வாங்கிக்கொண்டவர் யாரென்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தால், அதுவே அவளுக்கு நான் தரும் பரிசாகட்டும்.