நோயாளியைத் தேடிச் சென்ற மருத்துவமனைகள்



ஆண்டறிக்கையின் மருத்துவ உதவிப் பட்டியலைப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பைத்துல்மாலிலிருந்து பணம் கொடுக்கிறோம். மருத்துவமனைக்குச் செல்ல வாகனம் ஏற்பாடு செய்கிறோம். நோயாளி வீடு திரும்பிய மறுநாள் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார்? புண்ணுக்குக் கட்டு மாற்றுபவர் யார்? வசதியுள்ள வீட்டில் சம்பளத்திற்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள்; தனித்து வாழும் விதவைத் தாய்க்கு அவ்வழியில்லை. ஒரே சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவர் எழுந்து நடப்பதற்கும், மற்றவர் படுக்கையில் கிடப்பதற்கும் பல வேளைகளில் இதுவே காரணமாகிறது. மருத்துவத்திற்கும் பராமரிப்பிற்கும் இடையிலான இந்த இடைவெளியை நம் முன்னோர் எவ்வாறு அடைத்தனர் என்பதை வரலாற்றில் காண்போம்.

மஸ்ஜிதில் தொடங்கிய பணி

ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் கடுமையாகக் காயமுற்றார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் அது என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். சிகிச்சையும் பணிவிடையும் நலம் விசாரித்தலும் அங்கே ஒன்றாக இருந்தன.

பின்னர் உமைய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி: கி.பி. 705–715) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கினார். பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் நியமித்தார்.

கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதின் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்துக்கு எழுதிய கடிதங்கள் குறிப்பிடத்தக்கவை. சிறையில் நோயுற்றோரை மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்க வேண்டும் என்றும், மருத்துவரே இல்லாத சிற்றூர்களுக்கு மருந்துகளோடு மருத்துவர்கள் சுற்றி வர வேண்டும் என்றும் அவர் பணித்தார். யூதர்கள் மிகுந்த ஊர்களில் என்ன செய்வது என்று ஸினான் கேட்டபோது, முஸ்லிம்களுக்கு முன்னுரிமை தந்தபோதிலும் அவர்களுக்கும் சிகிச்சை அளிக்குமாறு விடை வந்தது.

கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனை

இம்மரபின் உச்சமாக விளங்கியது, மம்லூக் சுல்தான் கலாவூன் கி.பி. 1284–85-இல் கெய்ரோவில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையாகும். டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154-இல் நிறுவிய மருத்துவமனையின் மருந்தால் தாம் குணமடைந்ததே இதற்குத் தூண்டுதல் என்பர். கட்டுமானத்தில் மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கியதை அக்கால அறிஞர்கள் கண்டித்ததையும் வரலாறு மறைக்கவில்லை.

அதன் வக்ஃபு ஆவணம் நம்மை வியக்க வைக்கிறது. செல்வர், வறியவர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் அனைவருக்கும் இடமுண்டு. காய்ச்சல், கண்நோய், வயிற்றுப்போக்கு, அறுவை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணத்தில் மூடிய உணவு, கோடைக்கு ஓலை விசிறி என்று சிறு தேவைகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைக்கும் மருந்தும் உணவும் அனுப்பலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. குணமடைந்தவருக்கு ஆடை, இறந்தவருக்குக் கஃபனும் அடக்கச் செலவும் அதே வக்ஃபிலிருந்தே கிடைத்தன. ஒரு நோயாளியின் தேவை எதுவாயினும் அவர் பல வாசல்களில் நிற்க வேண்டியதில்லை. நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கிய மருத்துவ மேதை இப்னுந் நஃபீஸ் (மறைவு 1288) தம் வீட்டையும் நூலகத்தையும் இதற்கே வழங்கினார்.

காலப்போக்கில் வக்ஃபு வருமானம் தேய்ந்தது. 1798-இல் பிரெஞ்சுப் படையுடன் வந்த அறிஞர்கள் அம்மருத்துவமனையை நலிந்த நிலையிலேயே கண்டனர். கட்டடம் நின்றது, கவனிப்பு நின்றுபோனது.

நம் அண்டை மாநிலத்தில்

இம்மரபை நினைவூட்டும் பணியொன்று நம் காலத்தில் கேரளத்தில் மலர்ந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, சில ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாயிற்று. பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் படுக்கையிலிருந்தோரை வாரந்தோறும் சென்று பார்த்தனர். செவிலியரும் மருத்துவரும் அவர்களுக்குத் துணை நின்றனர். அந்த வீட்டின் அரிசியையும் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்தே கவனித்தனர். பொதுமக்களின் சிறு நன்கொடைகளே அதன் முதல். சாதி, மதம் பார்க்கவில்லை. 2008-இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக அறிவித்தது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது.

நாம் செய்ய வேண்டியது

புதிய மருத்துவமனை கட்டும் வலிமை நமக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் தெருவாரியாகப் படுக்கையிலிருப்போர் பட்டியலை எடுக்கலாம். ஆண்களும் பெண்களுமாகத் தொண்டர்களைப் பயிற்றுவிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரோடு அவர்களை இணைக்கலாம். நம் மஹல்லாவின் மாற்று மதச் சகோதரர்களையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில் எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதோடு, எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை சென்றோம் என்ற கணக்கும் இடம்பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நோயுற்றோரை நலம் விசாரிக்கும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.